கடல் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் ஊர் நூலகங்களிலும் கடலைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு இறங்கும்போதெல்லாம், என்னைச் சூழ்ந்து நின்று கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவையாகவே இருக்கின்றன. கடலுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிலும், கடல் முடிகிற இடத்துக்கும் கீழே என்ன இருக்கிறது என்பதே பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒருசேர ஈர்க்கிறது. அப்படிக் கேட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கடலடித் தரை என்றால் மிகப் பழையது, அசையாதது, உயிரற்றது என்ற எண்ணத்திலிருந்துதான் இந்த ஐயங்களில் பாதி பிறக்கின்றன. அது நாம் நிற்கும் நிலத்தைவிட இளையது என்பதையும், உள்ளே நீர் ஊறியது என்பதையும், ஆண்டுதோறும் நகர்வது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பல பதில்கள் தாமாகவே விளங்கும்.

கடல் தரையைத் தோண்டினால் முதலில் என்ன வரும்? மணலா, பாறையா?

கரையை ஒட்டிய இடங்களில் மணல் வரும். ஆழ்கடலில் பெரும்பாலும் சேறுதான் வரும். ஆறுகளும் காற்றும் கண்டங்களிலிருந்து கொண்டுவந்த களிமண், எரிமலைச் சாம்பல், மேல்மட்ட நீரில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிரிகளின் ஓடுகள் ஆகியவை துகள் துகளாக இறங்கிப் படிந்து உண்டான சேறு அது. ஆய்வுக் கப்பல்களில் இந்தச் சேற்றைப் பார்க்கும் முறை மிகவும் எளிமையானது. பல் குத்தும் குச்சியின் நுனியில் சிறிதளவு எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரோடு தேய்த்துப் பரப்பி, உலரவைத்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார்கள். வெறும் வெளிர்ச் சேறாகத் தெரிந்தது அப்போது சக்கரங்களும் பொத்தான்களும் போன்ற சுண்ணாம்புத் தட்டுகளாகப் பிரிந்து தெரியும். இடையிடையே சோளப்பொரி போலக் குமிழ்கள் ஒட்டிய ஓடுகளும் இருக்கும். அந்தக் குமிழ் ஓடுகள் ஃபோரமினிபெரா என்னும் ஒருசெல் உயிரிகளின் வீடுகள்.

இந்தச் சேறு சேரும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். ஓடுகள் மிகுந்த சேறு ஆயிரம் ஆண்டுகளுக்கு ஓரிரு சென்டிமீட்டர் உயரும். நிலத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள செங்களிமண் அதே காலத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் உயரும். ஏறத்தாழ நான்கைந்து கிலோமீட்டருக்குக் கீழே நீரின் குளிரும் அழுத்தமும் சுண்ணாம்பு ஓடுகளைக் கரைத்துவிடுவதால், மிக ஆழமான இடங்களில் களிமண் மட்டுமே மிஞ்சுகிறது.

அந்தச் சேற்றுக்கும் கீழே?

சேறு, கீழே போகப் போகத் தன் எடையாலேயே இறுகிச் சுண்ணாம்புக்கல்லாகவும் களிக்கல்லாகவும் மாறுகிறது. அதற்கு அடியில் பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறை தொடங்குகிறது. அதன் மேற்பகுதி தலையணைகளைக் குவித்துவைத்தது போல இருக்கும். சூடான பாறைக்குழம்பு ஏறக்குறைய 2 பாகை செல்சியஸ் குளிர்நீரைத் தொட்டவுடன் அதன் மேல்தோல் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் குழம்பு, முறுக்கு அச்சிலிருந்து மாவு பிதுங்குவது போல, அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு அடுத்த தலையணையாக வெளிவருகிறது.

தலையணைகளுக்குக் கீழே, வெற்றிலைக் கட்டை நிமிர்த்தி வைத்தது போலச் செங்குத்தான பாறைச் சுவர்கள் நெருக்கமாக நிற்கின்றன. குழம்பு மேலே ஏறிவந்த வழிகள் இவை. அவற்றுக்குக் கீழே அதே குழம்பு மெதுவாக ஆறியதால் பெரிய படிகங்களோடு உறைந்த கேப்ரோ என்னும் பாறை இருக்கிறது. பசால்ட்டின் உச்சியிலிருந்து கேப்ரோவின் அடிவரை மொத்தக் கனம் ஏறக்குறைய 6 அல்லது 7 கிலோமீட்டர். கண்டங்களின் மேலோடு சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் கனமுடையது என்பதோடு ஒப்பிட்டால் கடலடி மேலோடு எவ்வளவு மெல்லியது என்பது தெரியும். அதற்கும் கீழே, மேலோட்டுக்கும் புவியின் மையக்கருவுக்கும் இடையிலுள்ள கவசம் தொடங்குகிறது. அது பெரிடோடைட் என்னும் பச்சை நிறப் பாறையாலானது.

யாரும் போய்ப் பார்க்கவில்லையே, இதெல்லாம் எப்படித் தெரியும்?

மூன்று வழிகளில் தெரியும். முதல் வழி அதிர்வலைகள். 1909இல் குரோவேஷியாவில் நிகழ்ந்த ஒரு நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்த ஆந்திரியா மோகோரோவிசிச், ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே அலைகளின் வேகம் திடீரெனக் கூடுவதைக் கண்டார். மேலோடும் கவசமும் சந்திக்கும் அந்த எல்லை இன்று அவர் பெயரைச் சுருக்கி மோகோ எனப்படுகிறது. கப்பலிலிருந்து காற்று வெடிப்புகளை உண்டாக்கி, கீழிருந்து திரும்பிவரும் எதிரொலியைக் கேட்பதன் மூலம் கடலுக்கடியிலும் ஒவ்வொரு அடுக்கையும் அளக்கிறார்கள்.

இரண்டாவது வழி துளையிடுதல். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். மூன்றாவது வழியைப் பலர் அறிந்திருப்பதில்லை. புவியின் மேற்பரப்பாக அமைந்து மெல்ல நகரும் நிலத்தட்டுகள் மோதும் சில இடங்களில் பழைய கடலடி மேலோடு அப்படியே நிலத்தின்மேல் ஏற்றப்பட்டுக் கிடக்கிறது. ஓமன் நாட்டு மலைகளில் தலையணைப் பாறையிலிருந்து தொடங்கி, செங்குத்துச் சுவர்களையும் கேப்ரோவையும் கடந்து, மோகோ எல்லை வரை ஒருவர் காலாலேயே நடந்து போய்விட முடியும். அந்தமான் தீவுகளிலும் இத்தகைய பாறைத் தொகுதி உண்டு.

கடல் தரையில் ஓட்டை போட்டால் தண்ணீர் எல்லாம் உள்ளே போய்க் கடல் வற்றிவிடாதா?

இது பெரும்பாலும் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி. நல்ல கேள்வி என்றே ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். தண்ணீர் உள்ளே போக வேண்டுமானால் உள்ளே காலியிடம் வேண்டும். கடல் தரைக்குக் கீழே காலியிடம் இல்லை. சேற்றின் துகள்களுக்கு இடையிலும் பசால்ட்டின் விரிசல்களிலும் ஏற்கெனவே நீர் நிறைந்திருக்கிறது. துளையிட்டால் அந்தத் துளையும் நீரால் நிரம்பும், அவ்வளவுதான்.

ஆனாலும் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. கடல்நீர் பாறையின் விரிசல்கள் வழியே உள்ளே இறங்கி, சூடாகி, வேறோர் இடத்தில் வெளியே வந்துகொண்டேதான் இருக்கிறது. உலகக் கடல்களின் மொத்த நீரும் சில லட்சம் ஆண்டுகளுக்கு ஒரு முறை இப்படிப் பாறைக்குள் நுழைந்து திரும்புகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடல்நீரின் வேதியியலைத் தீர்மானிப்பதில் ஆறுகளுக்கு இருக்கும் பங்கு போலவே இந்தச் சுற்றோட்டத்துக்கும் பங்கு உண்டு.

கடலுக்கு அடியில் எல்லா இடத்திலும் நெருப்புக் குழம்புதானே?

இல்லை. கவசம் என்பது மிகச் சூடான திடப்பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது மெல்ல ஊர்கிறது, ஆனால் குழம்பு அல்ல. நடுக்கடல் மலைத்தொடர்களின் கீழே கவசப் பாறை மேலே எழும்போது அதன்மீதுள்ள அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைவதால் அதில் ஒரு சிறு பகுதி உருகுகிறது. அந்த உருகல்தான் மேலே வந்து புதிய தரையாகிறது. இந்த மலைத்தொடர்களையும், அகழிகள் எனப்படும் ஆழ்கடல் பள்ளங்களை ஒட்டிய எரிமலை வரிசைகளையும், ஹவாய் போன்ற சில இடங்களையும் தவிர்த்தால், கடலடியில் நீங்கள் எங்கே துளையிட்டாலும் குழம்பைச் சந்திக்கப் போவதில்லை.

கடல்தான் மிகப் பழமையானது என்கிறார்கள். அதன் தரை மட்டும் எப்படி இளையதாக இருக்க முடியும்?

கடல்நீர் பழையது, அது தங்கியிருக்கும் பாத்திரம் புதியது. தென்னிந்தியாவில் 300 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய பாறைகள் இருக்கின்றன. பசிபிக், அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் ஆகிய பெருங்கடல்களின் தரையிலோ மிகப் பழையது, மேற்கு பசிபிக்கில் உள்ளது, ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகள் மட்டுமே வயதுடையது. மேலே சொன்னபடி மலைத்தொடர்களில் புதிய தரை பிறக்கிறது. இரு பக்கமும் விலகிச் செல்கிறது. குளிர்ந்து கனத்துக் கடைசியில் அகழிகளில் மீண்டும் உள்ளே இறங்கிவிடுகிறது. அட்லாண்டிக்கில் இந்த விலகல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். கிழக்குப் பசிபிக்கின் சில இடங்களில் 15 சென்டிமீட்டர் வரை போகிறது.

இதை மெய்ப்பித்ததில் நம் பக்கத்துக் கடலுக்கும் பங்கு உண்டு. அரபிக்கடலின் தென்மேற்கில் உள்ள கார்ல்ஸ்பர்க் மலைத்தொடரின் மேல் 1962இல் ஒரு பிரிட்டன் கப்பல் எடுத்த காந்தப்புல அளவீடுகளைக் கொண்டு, பிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் 1963இல் ஒரு விளக்கம் தந்தார்கள். புவியின் காந்தமுனைகள் தலைகீழாக மாறும்போதெல்லாம் அப்போது உறையும் தரை அந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது என்றும், அதனால் மலைத்தொடரின் இரு பக்கமும் வரிவரியான காந்தப் பட்டைகள் உண்டாகின்றன என்றும் அவர்கள் சொன்னார்கள். 1968இல் தொடங்கிய ஆழ்கடல் துளையிடும் திட்டத்தில் குளோமர் சாலஞ்சர் கப்பல் தென் அட்லாண்டிக்கில் வரிசையாகத் துளையிட்டபோது, மலைத்தொடரிலிருந்து விலக விலகப் பசால்ட்டின்மேல் படிந்த சேற்றின் வயது கூடிக்கொண்டே போனது. அதன்பின் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

நிலத்தில் 12 கிலோமீட்டர் துளைத்தவர்களுக்குக் கடலில் 6 கிலோமீட்டர் துளைத்துக் கவசத்தைத் தொட ஏன் முடியவில்லை?

ரஷ்யாவின் கோலா தீபகற்பத்துத் துளை 12,262 மீட்டர் வரை போனது உண்மை. ஆனால் அது நிலையான தரையின்மேல் நின்றுகொண்டு துளைத்தது. கடலில், துளையிடும் இயந்திரம் இருப்பது அலையில் ஆடும் கப்பலில். தரையைத் தொடுவதற்கு முன்பே நான்கைந்து கிலோமீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய் நீருக்குள் தொங்க வேண்டும். கப்பல் நங்கூரம் பாய்ச்ச முடியாத ஆழம் என்பதால், பல உந்துவிசிறிகளை இடைவிடாமல் இயக்கி ஒரே புள்ளியின்மேல் நிற்க வேண்டும். கடினமான பாறையில் துளைமுனை சில பத்து மணி நேரத்தில் தேய்ந்துவிடும். அப்போது குழாய் முழுவதையும் மேலே இழுத்து, முனையை மாற்றி, மீண்டும் கீழே இறக்கி, கும்மிருட்டில் கிடக்கும் அதே சிறிய துளைக்குள் நுழைக்க வேண்டும். இதற்காகத் துளையின் வாயில் ஒரு பெரிய புனலைப் பொருத்துகிறார்கள். இவ்வளவுக்கும் நடுவே துளையின் சுவர் இடிந்து விழுந்தால் குழாயே சிக்கிக்கொள்ளும்.

இதற்கான முதல் முயற்சி அமெரிக்கர்களின் மோகோல் திட்டம். 1961இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவுக்கு அருகே, ஏறக்குறைய 3,600 மீட்டர் ஆழமான நீரில், தரைக்குக் கீழே 183 மீட்டர் வரை துளைத்தார்கள். கடைசி 13 மீட்டரில் பசால்ட் கிடைத்தது. செலவு பெருகியதால் 1966இல் திட்டம் கைவிடப்பட்டது. தோல்வி என்றே இதைப் பலர் எழுதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. நங்கூரம் இல்லாமல் கப்பலை ஓரிடத்தில் நிறுத்தும் நுட்பத்தை உலகுக்குத் தந்தது அந்த முயற்சிதான். பின்னாளில் பசிபிக்கின் கிழக்கே 504பி என்னும் துளை 1979 முதல் 1993 வரை பல பயணங்களில் 2,111 மீட்டர் வரை இறக்கப்பட்டது. ஜப்பானின் சிக்யூ கப்பல் 2019 வாக்கில் நன்காய் அகழிப் பகுதியில் 3,262 மீட்டரைத் தாண்டியது.

கவசப் பாறையைத் தொட இன்னொரு வழியும் உண்டு: அது தானாகவே மேலே வந்திருக்கும் இடத்துக்குப் போவது. அட்லாண்டிக் நடுமலைத்தொடரில் உள்ள அட்லாண்டிஸ் மாசிஃப் என்னும் கடலடி மலையில், பெரும் பிளவுகள் மேலோட்டை விலக்கிவிட்டதால் கவசப் பாறை தரை மட்டத்துக்கே வந்திருக்கிறது. அங்கே 2023இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் 1,268 மீட்டர் வரை கவசப் பாறையைத் துளைத்தது. அதற்கு முந்தைய சாதனை வெறும் 201 மீட்டர். அடுத்த ஆண்டே அந்தக் கப்பலின் பணி முடித்துக்கொள்ளப்பட்டது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் உலகின் எல்லாக் கடல்களிலும் உழைத்த கப்பலை நிறுத்தியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. சீனாவின் மெங் சியாங் கப்பல் 2024 இறுதியில் பணியில் சேர்ந்திருக்கிறது. மோகோவைத் தாண்டுவதே அதன் நோக்கங்களில் முதன்மையானது.

நம் வங்காள விரிகுடாவுக்கு அடியில் என்ன இருக்கிறது?

இமயமலை இருக்கிறது. அலங்காரத்துக்காக இதைச் சொல்லவில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கொண்டுவந்த வண்டல், டெல்டாவில் நிற்காமல், கலங்கல் நீரோட்டங்களாகக் கடலடிச் சரிவில் பாய்ந்து தெற்கே பரவிக் கிடக்கிறது. வங்காள விசிறி எனப்படும் இந்த வண்டல் பரப்பின் நீளம் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். இலங்கையைக் கடந்து நிலநடுக்கோட்டுக்கும் அப்பால் போகும் இது உலகின் மிகப் பெரிய கடலடி விசிறி. அதன் வட முனையில் படிவுகளின் கனம் 16 கிலோமீட்டர் வரை இருக்கிறது, அதாவது எவரெஸ்டின் உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

2015இல் வட அட்சரேகை 8 பாகையில், ஏறக்குறைய திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நேர் கிழக்கே, ஏழு இடங்களில் துளையிட்டார்கள். கங்கையின் கழிமுகத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மூன்றரைக் கிலோமீட்டருக்கும் ஆழமான நீருக்கு அடியிலிருந்து வெளிவந்தது ஆற்று மணல். சாம்பல் நிறத்தில், காக்காப்பொன் துகள்கள் மினுங்க, ஓர் ஆற்றுப்படுகையில் அள்ளியது போன்ற மணல். அதில் மரத்துண்டுகள்கூடக் கிடைத்தன. கடந்த 1 கோடியே 90 லட்சம் ஆண்டுகளாக வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்களின் சிதறல்கள் அவை. இந்தத் தகவலைச் சொல்லும்போது அரங்கில் ஒரு கணம் அமைதி விழுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

இந்த விரிகுடாவின் படிவுகளில் வேறொன்றும் உண்டு. ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்தபோது பரவிய சாம்பல், இங்கே வெளிறிய தனி அடுக்காகப் பதிந்திருக்கிறது. துளையிட்டு எடுத்த ஓர் உருளை மாதிரியில் அந்தக் கோடு தென்பட்டதும், அதற்கு மேலே உள்ளவை அந்த வெடிப்புக்குப் பின்னரும் கீழே உள்ளவை முன்னரும் படிந்தவை என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

கடலுக்கு அடியில் எங்கே துளைத்தாலும் எண்ணெய் கிடைக்குமா?

கிடைக்காது. உயிர்ப்பொருள் நிறைந்த படிவுகள் கனமாகக் குவிந்து, போதிய சூட்டில் வெந்து, தப்பிப்போகாதபடி மேலே ஒரு மூடியும் அமைந்த இடத்தில் மட்டுமே எண்ணெய் சேரும். அப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் கண்டங்களின் ஓரங்களில் இருக்கின்றன. 1974இல் மும்பைக்கு மேற்கே கண்டுபிடிக்கப்பட்ட பாம்பே ஹை அத்தகையது. நடுக்கடலின் மெல்லிய சேற்றிலும் பசால்ட்டிலும் எண்ணெய் தேடுவதில் பயனில்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவே இந்தியா ஆராயும் மாங்கனீசு உருண்டைகள் தரைக்குக் கீழே இருப்பவை அல்ல, தரையின்மேல் கிடப்பவை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

எரியும் பனிக்கட்டி என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். உயர்ந்த அழுத்தமும் தாழ்ந்த வெப்பமும் சேர்ந்த இடத்தில், நீர் மூலக்கூறுகள் கூடு கட்டி அதற்குள் மீத்தேனைச் சிறைப்பிடித்து உறைகின்றன. பார்க்கப் பனிக்கட்டி, தீயிட்டால் எரியும். ஒரு கன மீட்டர் கட்டியிலிருந்து 160 கன மீட்டருக்கு மேல் வாயு வெளிவரும். 2006இல் இந்திய அரசின் ஆய்வுப் பயணம் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் 128 மீட்டர் கனமுள்ள அடுக்கையே கண்டது. ஆனால் கண்டுபிடிப்பது வேறு, எடுப்பது வேறு. 2013இல் ஜப்பான் செய்த முதல் கடல் சோதனையில், ஆறே நாளில் கிணற்றுக்குள் மணல் புகுந்து வேலை நின்றுபோனது. மீத்தேன் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு என்பதால், அவசரப்படாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

வெளிச்சமே இல்லாத அந்தச் சேற்றுக்குள் உயிர் இருக்க முடியுமா?

இருக்கிறது. 1977இல் காலாபாகோஸ் தீவுகளுக்கு அருகே, தரையிலிருந்து பீறிட்ட வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிக் குழாய்ப்புழுக்களும் சிப்பிகளும் செழித்திருப்பதை ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில் சென்றவர்கள் கண்டபோதே, வெயில் இல்லாமலும் உயிர் வாழும் என்பது உறுதியாயிற்று. 2023இல் கிழக்குப் பசிபிக்கில் அத்தகைய ஓர் ஊற்றின் அருகே பசால்ட் தகட்டைப் பெயர்த்துப் பார்த்தபோது, அதற்கு அடியில் இருந்த பொந்துகளுக்குள்ளும் குழாய்ப்புழுக்கள் வாழ்வது தெரிந்தது.

இதைவிட வியப்பானது சேற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களின் நிலை. தென் பசிபிக்கின் நடுப்பகுதியில் 2010இல் எடுத்த, 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய களிமண்ணில் இருந்த நுண்ணுயிர்களுக்கு ஆய்வகத்தில் உணவு கொடுத்தபோது அவை உண்டு பெருகின. 2020இல் இது வெளியிடப்பட்டது. எஞ்சியிருக்கும் எலும்புக்கூடுகள் அல்ல அவை, உயிருள்ள செல்கள். முதல் பதிலில் சொன்ன, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உயரும் செங்களிமண் போன்ற இடம்தான் அதுவும். ஜப்பானின் முரோடோ முனைக்கு அப்பால், 1.2 கிலோமீட்டர் ஆழத்தில், 120 பாகைச் சூட்டிலும் உயிர் தென்பட்டிருக்கிறது.

2004 சுனாமிக்குக் காரணமானது கடலுக்கு அடியில் எங்கே இருக்கிறது? மறுபடியும் வருமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கடற்கரை ஊர்க்காரர்கள். அதனால் இதற்கு ஒருபோதும் அவசரமாகப் பதில் சொல்வதில்லை. இந்தியத் தட்டின் கடலடிப் பகுதி சுமத்ரா முதல் அந்தமான் வரையுள்ள அகழியில் கிழக்கே இறங்குகிறது. இறங்கும் தட்டும் மேலே உள்ள தட்டும் ஒன்றோடொன்று இறுகப் பற்றிக்கொண்டு நூற்றாண்டுக்கணக்கில் விசையைச் சேர்த்துவைக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பிடி விட்டது. நிலநடுக்கத்தின் அளவு 9.1.

பொதுவாக அகழியை ஒட்டிய மேலோட்டமான பகுதி மென்மையான சேறு என்பதால் அங்கே பெரும் வழுக்கல் நிகழாது என்று எண்ணியிருந்தார்கள். இங்கே நிகழ்ந்தது. காரணம் தேடி 2016இல் சுமத்ராவுக்கு மேற்கே துளையிட்டபோது கிடைத்தவை, மேலே வங்காள விரிகுடா பற்றிய பதிலில் சொன்ன அதே இமயமலை வண்டலின் கிழக்குப் பகுதியாக இருந்தன. மிகக் கனமாகக் குவிந்த அந்த வண்டல், அகழிக்குள் இறங்குவதற்கு முன்பே அடியில் சூடேறி, கனிமங்களில் கட்டுண்ட நீரை இழந்து இறுகிவிடுகிறது. அதனால்தான் உடைப்பு அகழியின் விளிம்புக்கு அருகே வரை போனது என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். 2011இல் ஜப்பானில் நிகழ்ந்ததற்கு வேறு காரணம்: அடுத்த ஆண்டு அங்கே துளையிட்டபோது, 5 மீட்டருக்கும் குறைவான கனமுள்ள வழுக்கும் களிமண் அடுக்கு கிடைத்தது.

மீண்டும் வருமா என்றால், தட்டுகளின் நகர்வு நிற்கவில்லை, ஆகவே வரும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. நாள் குறித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். நீண்ட நேரம் தரை ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும். ஆனால் 2004இல் நம் கரைகளில் நில ஆட்டத்தைப் பலர் உணரவே இல்லை. ஆகவே எச்சரிக்கை வந்தால் அதையும் மதிக்க வேண்டும்.

கடலுக்கு அடியில் இன்னொரு பெரிய கடல் இருக்கிறதாமே?

செய்தித்தலைப்பு அப்படி வந்தது. பொருள் வேறு. பிரேசிலில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்னும் கனிமத்தின் சிறு துணுக்கு இருந்தது 2014இல் வெளியிடப்பட்டது. அதன் எடையில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு நீர். 410 முதல் 660 கிலோமீட்டர் ஆழம் வரை உள்ள பாறை இப்படி நீரைத் தாங்கியிருந்தால், மொத்தத்தில் அது பெருங்கடல்களோடு ஒப்பிடும் அளவாகலாம். ஆனால் அந்த நீர் அலையடிப்பதில்லை. சுண்ணாம்புக் காரைக்குள் நீர் சேர்ந்து இறுகிப்போவது போல, கனிமத்தின் கட்டமைப்புக்குள் அணுவளவில் சேர்ந்திருக்கிறது. பிழிந்தால் வராது.

உண்மையில் குடிக்கத்தக்க அளவுக்கு உப்புக் குறைந்த நீர் கடலுக்கடியில் இருக்கிறது, ஆனால் கரைக்கு அருகிலேயே. அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் கண்டத்திட்டின் (கரையிலிருந்து நீண்டிருக்கும் ஆழம் குறைந்த கடல் தரையின்) படிவுகளில் அத்தகைய நீரை 1976இலேயே கண்டிருந்தார்கள். 2025இல் அதை ஆராயவே தனிப் பயணம் சென்றது. பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது மழையும் பனியாறுகளும் உள்ளே செலுத்தியது அந்த நீர் என்பது ஒரு விளக்கம்.

குமரிக்கண்டம் கடலுக்கு அடியில் இருக்கிறதா? நேராகச் சொல்லுங்கள்.

நேராகவே சொல்கிறேன்: குமரி முனைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் நடுவரை பரந்த ஒரு கண்டம் மூழ்கிக் கிடக்கவில்லை. கண்டச் சரிவைத் தாண்டியபின் அங்கே இருப்பது இரண்டாம் பதிலில் சொன்ன மெல்லிய பசால்ட் தரைதான். அதன் காந்தப் பட்டைகள் அளக்கப்பட்டிருக்கின்றன, துளையிட்டும் பார்த்திருக்கிறார்கள். கண்டப் பாறை கவசத்தைவிட எடை குறைந்தது. கட்டை நீரில் மிதப்பது போல அது மிதக்கிறது. முழுக் கனத்தோடு கல்போல மூழ்காது. லெமூரியா என்ற கருத்தை 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் முன்வைத்தது மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் இருப்பதை விளக்குவதற்காக. நிலத்தட்டுகள் நகர்கின்றன என்று தெரிந்தபின் அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று.

மூழ்கிய கண்டத் துண்டுகளே இல்லையா என்றால், உண்டு. இழுக்கப்பட்டு மெலிந்த கண்டப் பாறை நீருக்குள் தாழும். நியூசிலாந்தைச் சூழ்ந்த சீலாந்தியா, 49 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் நீருக்கடியில் இருக்கிறது. மொரீஷியஸின் இளைய எரிமலைப் பாறைகளில் 300 கோடி ஆண்டுப் பழமையான சிர்கான் என்னும் கனிம மணிகள் கிடைத்திருப்பதால், அந்தத் தீவுக்கு அடியிலும் ஒரு பழைய கண்டத் துண்டு இருப்பதாகக் கருதுகிறார்கள். ஆனால் இவை மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் மூழ்கியவை.

கடல் கொண்ட நிலத்தைப் பற்றிச் சிலப்பதிகாரம் பேசுவதை நான் பொய் என்று தள்ளுவதில்லை. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை நிலமாக இருந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். குமரி மீனவர்கள் நன்கு அறிந்த வாட்ஜ் திட்டின் ஆழம் குறைந்த பகுதிகளும் அப்போது வெளியே தெரிந்திருக்கும். கரையோரத்தில் கடல் ஏறியதும் ஊர்களை விழுங்கியதும் நிகழக்கூடியவையே, நிகழ்ந்தவையே. தேட வேண்டிய இடம் கண்டத்திட்டு, ஆழ்கடல் அல்ல.

இலங்கைக்குத் தெற்கே கடலில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, அங்கே அடியில் ஏதோ இருக்கிறது என்கிறார்களே?

பள்ளம் தரையில் இல்லை, நீர்ப்பரப்பில் இருக்கிறது. அங்கே புவியீர்ப்பு சற்றுக் குறைவு; அதனால் நீர் மற்ற இடங்களை நோக்கி இழுக்கப்பட்டு, கடல் மட்டம் கணக்கிட்ட அளவைவிட ஏறக்குறைய 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. சரிவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் பரவியிருப்பதால் கப்பலில் போகிறவருக்கு எதுவும் தெரியாது. 1948இல் வெனிங் மைனஸ் என்ற டச்சு அறிஞர் கப்பலிலிருந்து புவியீர்ப்பை அளந்தபோது இது வெளிப்பட்டது.

அடியில் ஏதோ இருக்கிறது என்பதும் சரிதான், ஆனால் இந்தப் பக்கத்தின் மற்ற எல்லாப் பதில்களையும்விட மிக ஆழத்தில். இந்தியா வடக்கே நகர்ந்தபோது மறைந்துபோன டெதிஸ் கடலின் பழைய தரை கவசத்தின் அடிவரை இறங்கி, ஆப்பிரிக்காவின் கீழுள்ள சூடான பெருந்திரளைக் கலைத்தது. அதனால் எழுந்த எடை குறைந்த சூடான பாறை இந்தப் பகுதியின் கீழே பரவியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் 2023இல் கணினிக் கணக்கீடுகள் மூலம் இந்த விளக்கத்தைத் தந்தார்கள்.

துளைத்து எடுத்ததெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? நாம் பார்க்கலாமா?

கொச்சியில் இருக்கிறது என்று சொன்னால் எல்லோரும் கேரளத்தை நினைக்கிறார்கள். இது ஜப்பானின் கோச்சி மாகாணம். இந்தியப் பெருங்கடலிலிருந்து எடுத்த உருளை மாதிரிகள் அங்கேதான் வைக்கப்படுகின்றன. ஜெர்மனியின் பிரேமனிலும் அமெரிக்காவின் டெக்சஸிலும் மற்றக் கடல்களுக்கான கிடங்குகள் உண்டு. கப்பலில் ஏறக்குறைய 9.5 மீட்டர் நீளமாக மேலே வரும் உருளையை ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறார்கள். ஒரு பாதி ஆய்வுக்கு. மறு பாதி ஆவணம்; மாதிரி வெட்டியெடுக்காமல், குளிர்ந்த அறையில் அப்படியே பாதுகாக்கப்படுகிறது.

தக்க ஆய்வுக் காரணத்தோடு விண்ணப்பித்தால், எந்த நாட்டு ஆய்வாளருக்கும் ஆய்வுப் பாதியிலிருந்து சில கன சென்டிமீட்டர் சேறு ஒரு சிறு பையில் வந்துசேரும். குளோமர் சாலஞ்சர் காலத்தில் எடுத்த உருளைகளிலிருந்து, எடுத்தபோது பிறந்தே இராதவர்கள் இன்று மாதிரி கேட்டு வாங்குகிறார்கள். நிலவியல் படிக்கும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: வங்காள விரிகுடாவின் சேற்றைக் கேட்டு எழுத நம் ஊர்க் கல்லூரியின் முகவரியே போதும்.